இலிதியம்-11ஐ விட்டுவிட்டீர்களே
"நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை, ஆகவே அணுக்கருவுக்குள் ஒவ்வொன்றும் தனியாகத்தான் இருக்கும்" என்று உங்கள் கட்டுரை சொல்வது சரியில்லை. மூன்று புரோத்தன்களும் எட்டு நியூத்திரன்களும் கொண்ட இலிதியம்-11 கருவைப் பாருங்கள். இலிதியம்-9 கருவோடு ஒரே ஒரு நியூத்திரன் சேர்ந்தால் நிற்காது. இரண்டு நியூத்திரன்கள் தமக்குள் சேர்ந்தாலும் நிற்காது. இலிதியம்-9 கருவும் இரண்டு நியூத்திரன்களும் என மூன்றும் சேர்ந்தால் நிற்கிறது, அரைவாழ்வு (பாதிக் கருக்கள் சிதைய எடுக்கும் நேரம்) 9 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவு என்றாலும். ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த, மூன்று மிலாறுக் குச்சிகளை (வெட்டிய தேயிலைச் செடிக் கிளைகளை) உச்சியில் ஒன்றோடொன்று சாய்த்து மேசையில் நிறுத்துவேன்; ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் சரிந்துவிடும். அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் "அந்த இரண்டு நியூத்திரன்களும் எப்போதும் ஒட்டியே இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. கருவின் விளிம்பில், அடர்த்தி குறைந்த இடத்தில்தான், பெரும்பாலும் எதிரெதிர்ச் சுழற்சியோடு, அவை நெருங்கிச் சோடியாகின்றன. 1985இல் யப்பானிய இயற்பியலாளர் தனிஹாட்டாவின் குழுவினர் அளந்தபோது இலிதியம்-11 கரு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்ததற்கும் வெளியே பரவிக்கிடக்கும் இந்தச் சோடிதான் காரணம்.