எரிதத்துக்கு அஞ்சி வாசிப்பவரையும் வெளியே நிறுத்த வேண்டாம்

தொழில்நுட்பக் குழுக்கள் பல, எரிதம் (ஸ்பேம்) எனப்படும் வேண்டாத விளம்பரப் பதிவுகளின் தொல்லை தாங்காமல், டெலிகிராம், டிஸ்கார்டு போன்ற செயலிகளுக்குள் குடிபெயர்ந்து வருகின்றன. நிர்வாகிகளின் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த முடிவு தவறானது என்றே கருதுகிறேன். கண்டவரும் எழுதிவிடாமல் தடுப்பது ஒரு வேலை. எழுதப்பட்டதை உறுப்பினரல்லாதவர் தேடிப் படிக்க முடியாமல் செய்வது முற்றிலும் வேறு வேலை. முதலாவதைச் செய்யப் போய் இரண்டாவதையும் செய்துவிடுகிறோம்.

இணையத்தின் தொடக்ககாலக் கலந்துரையாடல் வலையமைப்பான யூஸ்நெட்டின் வரலாறு இதற்குப் பாடமாக இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் பின்னர் லினக்ஸ் ஆன தமது இயங்குதள முயற்சியை முதலில் அறிவித்தது, மினிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக அங்கிருந்த குழுவில்தான். 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதியர் இருவர் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினர். அதன் பிறகு வணிக எரிதம் ஓயவே இல்லை. 2024 பிப்ரவரியில் கூகுளின் குழு உரையாடல் சேவையான கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டுடனான தொடர்பைத் துண்டித்தபோது, எரிதம் பெருகியதையும் ஒரு காரணமாகச் சொன்னது. இருப்பினும் பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் வசதியை அது விட்டுவைத்தது. அதே போன்ற சேவையான யாஹூ குரூப்ஸில் அதுவும் நடக்கவில்லை; 2019 இறுதியில் தொடங்கி, பல ஆண்டுகளாகச் சேர்ந்த உரையாடல்கள் தளத்திலிருந்து அகற்றப்பட்டன.

தானியங்கி வடிகட்டிகளை மட்டும் நம்பி இருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சொல் எரிதத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று கணக்கிட்டு முடிவெடுக்கும் பேய்சியன் முறையை 2002-இல் நிரலாளர் பால் கிரஹாம் பரவலாக்கினார். மின்னஞ்சலில் அது நன்றாகவே பயன்பட்டது. தொழில்நுட்பக் குழுவிலோ, புதியவர் ஒருவரின் முதல் கேள்வியே எரிதத்தின் சாயலில்தான் வந்து சேர்கிறது: அன்று திறந்த கணக்கு, வெளித்தளத்துக்கு ஓர் இணைப்பு, நீளமான பிழைச்செய்தி, தட்டுத்தடுமாறிய மொழி. வடிகட்டி அதை ஓசையின்றி அழித்துவிட்டால், தம்மை யாரும் பொருட்படுத்தவில்லை என்று எண்ணி அவர் போய்விடுவார். ஆகவே ஐயத்துக்குரியதை அழிக்காமல் பதிவுகளைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துநரின் வரிசைக்கு அனுப்புவதும், அனுப்பியதை எழுதியவருக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். கோணல் எழுத்துகளைப் படித்துக் காட்டச் சொல்லும் கேப்ட்சாவோ, கூலிக்கு ஆள் வைத்து விடையிடுவோரைத் தடுப்பதில்லை. பார்வைக் குறைபாடுள்ளவரைத்தான் தடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு டிஸ்கோர்ஸ் என்னும் இணைய மன்ற மென்பொருளில் உள்ள நம்பிக்கை நிலைகள். புதிய உறுப்பினர் தொடக்கத்தில் சில இணைப்புகளை மட்டுமே தர முடியும். ஐந்து தலைப்புகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடங்களை வாசிப்பில் செலவிட்டால் அடுத்த நிலைக்கு உயர்வார் என்பது அதன் இயல்பான அமைப்பு. வாசிப்பையே தகுதியாக வைத்தது அருமையான சிந்தனை, ஏனெனில் எரிதம் பரப்புபவர் பெரும்பாலும் வாசிக்க வருவதில்லை.

இப்போதைய பெரிய கவலை, சரியான விடை போலத் தோன்றும் இயந்திர எழுத்து. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி விடைகளுக்குத் தடை விதித்தது, அவை திருத்தமாகத் தோன்றினாலும் அடிக்கடி தவறாக இருந்ததால். சொற்களை எண்ணும் வடிகட்டி இங்கே உதவாது. எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளையை இயக்கி, என்ன வெளியீடு கிடைத்தது என்பதை விடையளிப்பவர் எழுத வேண்டும் என்று விதி வைத்தால், பிறர் அதைத் தாமே இயக்கிச் சரிபார்க்கலாம்.

உரையாடல் செயலியை விட முடியாத நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். தீர்வு கண்ட ஒவ்வொரு கேள்வியையும், அதன் பிழைச்செய்தியைச் சொல் மாறாமல் தலைப்பாக இட்டு, உள்நுழையாமலே படிக்கக்கூடிய விக்கிப் பக்கம் ஒன்றுக்கு மாற்றுங்கள். அதற்கென்று இரண்டு உறுப்பினர்களைப் பொறுப்பாக்குங்கள். அந்த விக்கியின் நகலைக் குறித்த இடைவெளியில் தரவிறக்கி வேறோர் இடத்திலும் வைத்திருங்கள்.