லாவனத்தோட நிறுத்திடாதீங்க

இங்கிலாந்துல சஃபோக் மாவட்டத்துக்கு போனா லாவனம்ங்கற பழைய ஊர் ஒண்ணு பாத்தா போதும்னு உங்க பயணக் கட்டுரைல எழுதியிருக்கீங்க, ஒத்துக்க முடியல. லாவனம் அழகுதான், அந்த கோணல்மாணலா சாஞ்சு நிக்கற மரச்சட்ட வீடுங்க எல்லாம் கம்பளித்துணி வியாபாரம் கொழிச்சப்ப கட்டினது, 1520கள்ல இங்கிலாந்தோட பெரிய பணக்கார ஊர்ல அதுவும் ஒண்ணு, அப்புறம் தொழில் படுத்துடுச்சு, இடிச்சு புதுசா கட்ட காசில்ல, அதனாலதான் தப்பிச்சுது! ஆனா பக்கத்துல கெர்சினு ஒரு குட்டி கிராமம் இருக்கே, நடுத்தெருவுக்கு குறுக்கால ஓடை ஓடும், கார் தண்ணில இறங்கிதான் தாண்டணும், அதை எப்படிங்க விட்டீங்க? சந்தை வேணும்னா பரி செயின்ட் எட்மண்ட்ஸ்ங்கற ஊருக்கு புதனோ சனியோ போங்க. லாவனத்துக்கு இப்ப ரயில் கிடையாது, பக்கத்து ஊர் சட்பரில ரயில விட்டு இறங்கி பஸ்தான், டைம் பாத்துட்டு கிளம்புங்க.