கால்வெஸ்டன் 1900: புயலின் பாதையைச் சொன்னவர்கள் இருந்தார்கள்

1900 செப்டம்பர் 8. அமெரிக்காவின் டெக்சாஸ் கரையோரம் கால்வெஸ்டன் என்ற தீவு நகரத்தைச் சூறாவளி தாக்கி, குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 8,000. அந்த நாட்டு வரலாற்றில் இத்தனை உயிரைக் குடித்த இயற்கைப் பேரிடர் வேறு கிடையாது. இதை "இயற்கையின் சீற்றம்" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் புயல் எங்கே போகும் என்று கணித்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் வாயை அதிகாரிகள் அடைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அட்லாண்டிக் நடுவே உருவான புயல், ஆன்டிகுவா, புவேர்ட்டோ ரிக்கோ, ஹிஸ்பானியோலா என்று மேற்கே நகர்ந்து கியூபாவைக் கடந்தது. அதுவரை காற்றைவிட மழைதான் அதிகம். கியூபாவைத் தாண்டும் புயல் வடக்கே வளைந்து புளோரிடா வழியாக அட்லாண்டிக்குக்கே திரும்பிவிடும் என்று வாஷிங்டன் வானிலை அலுவலகம் முடிவுகட்டியது. பல புயல்கள் அப்படி வளைவதும் உண்மைதான். ஆனால் வடக்கே காற்றழுத்தம் மிகுந்த பகுதி வலுவாக நின்றால் வளைய வழியிருக்காது, மேற்கு-வடமேற்காகத்தான் தள்ளப்படும். ஹவானாவில் பெலன் ஆய்வகத்து ஏசு சபைத் துறவிகள் அதைத்தான் கணித்தார்கள். உயரத்தில் ஓடும் கீற்று மேகங்களின் திசையைப் பார்த்தே புயலின் மையத்தைச் சொல்லும் முறையை பெனிட்டோ வின்யெஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இடம் அது. அவருக்குப் பின் வந்த லொரென்சோ கங்கோய்தே, புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்சாஸ் பக்கம் போகும் என்றார். அப்போது கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில். புயல் வருவதற்குச் சில நாள் முன்புதான் கியூபர்களின் வானிலைத் தந்திகளுக்கு அமெரிக்க அதிகாரிகள் தடை போட்டிருந்தார்கள். காரணம் ஆணவம், வேறில்லை.

வளைகுடாவின் வெந்நீர்ப் பரப்பில் புயல் கொழுத்தது. கப்பல்களில் வயர்லெஸ் கிடையாது. நடுக்கடலில் அடிபட்ட கப்பல் கரைக்கு வந்து சேர்ந்தால்தான் சேதி.

8ஆம் தேதி காலையில் கால்வெஸ்டன் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் கவனித்த ஒன்றை ஒவ்வொரு கரையோர ஊரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காற்று வடக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. அப்படி வீசினால் கடல் பின்வாங்க வேண்டும். மாறாகத் தெற்கே கடல் ஏறிக்கொண்டே வந்தது, நீண்ட இடைவெளிவிட்டுப் பெரிய அலைகள் உருண்டு வந்தன. எதிர்க்காற்றையும் மீறி நீர் ஏறினால், பின்னால் பெரும்புயல் தள்ளுகிறது என்று பொருள்.

அதே வடக்குக் காற்று, ஊருக்குப் பின்னால், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருந்த விரிகுடா நீரையும் தெருக்களுக்குள் தள்ளியது. இரண்டு பக்கமும் தண்ணீர். தீவின் மிக உயர்ந்த இடமே 8.7 அடிதான். புயலின் கண் ஊருக்கு மேற்கே கரையேறியதால் நகரம் அதன் வலப்பக்கம் மாட்டிக்கொண்டது. கடலை நிலத்துக்குள் வாரி ஏற்றுவது அந்தப் பக்கம்தான். மாலையில் காற்று கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் திரும்பியதும் 15 அடிக்கு மேல் கடல் ஏறியது. கிளைன் வீட்டருகே நான்கு விநாடியில் நீர் நான்கு அடி உயர்ந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். முன்வரிசை வீடுகள் உடைந்து, அந்த மரச் சட்டங்களே அடுத்த வரிசையை இடித்தன. சுமார் 3,600 வீடுகள் போயின. செயின்ட் மேரி அநாதை இல்லத்துச் சகோதரிகள் பத்துப் பேர், பிள்ளைகளைத் துணி காயப்போடும் கயிற்றால் தங்களோடு கட்டிக்கொண்டார்கள். 90 பிள்ளைகளும் அந்தப் பத்துப் பேரும் மாண்டார்கள். பிழைத்தவர்கள் மூன்று சிறுவர்கள்.

இதே கரையில் இந்தியனோலா என்ற ஊரை 1875இலும் 1886இலும் புயல் அடித்து ஒழித்திருந்தது. கால்வெஸ்டனில் தடுப்புச் சுவர் பேச்சு எழுந்தும் அடங்கிவிட்டது. புயலால் இந்த ஊருக்குப் பெரிய ஆபத்து வராது என்று 1891இல் நாளிதழில் எழுதியவர் அதே கிளைன். கரையோரக் கடல் ஆழமில்லாததால் அலை வலுவிழந்துவிடும் என்பது அக்கால நம்பிக்கை. நடப்பது தலைகீழ்: ஆழமில்லாத கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கித் திரும்ப வழியில்லாமல் மேலே குவிகிறது. அந்த இரவில் கிளைன் தன் மனைவியை இழந்தார்.

பிறகு செய்த வேலை அபாரமானது, அதில் சந்தேகமில்லை. 1902-04இல் 17 அடி உயரம், அடியில் 16 அடி அகலத்தில் கான்கிரீட் சுவர். அலை மோதி மேலெழுந்து திரும்பும்படி கடல் முகம் வளைவாக அமைந்தது. சுவர் மட்டும் போதாது என்று ஊரையே உயர்த்தினார்கள். 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஸ்க்ரூ ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணல் கலந்த கடல்நீரைக் குழாயில் பாய்ச்சினார்கள். நீர் வடியும், மணல் தங்கும். 3,000 டன் எடையுள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தை 700 ஜாக்கிகள் ஐந்தடி தூக்கின. 1915இல் கடும்புயல் வந்தபோது நகரம் நின்றது.

ஆனால் ஊரின் தரை சுவரிலிருந்து விரிகுடாவை நோக்கிச் சரிகிறது, அந்தப் பக்கம் சுவர் இல்லை. 2008 செப்டம்பர் 13இல் ஐக் புயலின்போது நகருக்குள் வெள்ளம் பெரும்பாலும் விரிகுடா வழியாகத்தான் வந்தது. விரிகுடா வாயிலில் ராட்சதக் கதவுகளும், நகரைச் சுற்றி அரணும் அமைக்கும் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2022இல் ஒப்புதல் தந்தது. ஒப்புதல் வேறு, நிதி ஒதுக்கீடு வேறு. ஐந்தும் பத்துமாகக் கிடைத்தாலும், கதவுகளுக்குக் காத்திராமல் நகரின் பின்பக்க அரணை முதலில் கட்ட வேண்டும் என்பேன்.