அது ரோம் இல்லை சாமி, சிவிதவேக்கியா!

உல்லாசக் கப்பலின் பயணத்திட்டத்தில் ‘ரோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்னால் கொலோசியம் படம். அந்தப் பக்கத்தை அம்மா ஆறு மாதமாக வாட்ஸ்அப்பில் ஒரு சொந்தக்காரர் விடாமல் அனுப்பியிருந்தாள். காலை ஏழு மணிக்குக் கப்பல் கரையில் நின்றதும் பால்கனிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சார்தீனியா தீவுக்குப் போகிற கப்பல்கள், வரிசை கட்டி நிற்கும் லாரிகள், கிரேன்கள்.

“இதாடி ரோம்?”

இல்லைம்மா. இது சிவிதவேக்கியா. ரோம் இங்கிருந்து கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர்.

அந்தப் பெயரும் தாளில் இருக்கத்தான் இருந்தது, மாத்திரை அட்டையில் காலாவதி தேதி போடுகிற அளவு எழுத்தில். கேட்டால், ரோமுக்கான துறைமுகமே அதுதானே என்கிறார்கள். சரிதான். டிராஜன் என்கிற ரோமானியப் பேரரசர் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய துறைமுகம். ஆனால் மாலை ஐந்தரைக்குள் திரும்பி வராவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று டிராஜன் யாரையும் மிரட்டியிருக்க மாட்டார்.

கப்பல்காரர்களே ரோமுக்குப் பேருந்து விடுகிறார்கள். வழிகாட்டி கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது, கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்வதோடு சரி. அதற்கு மூன்று பேருக்குச் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா, “இதுக்கு நான் அந்தப் பேருந்தையே வாங்கிடுவேன்” என்றார். ஆனால் அவர்கள் பேருந்தில் போனால் ஒரு சலுகை உண்டு: தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் காத்திருக்காது. பயம்தான் விற்பனைப் பொருள், பேருந்து சும்மா சாக்கு.

நாங்கள் வீறாப்பாக ரயிலில் கிளம்பினோம். சிவிதவேக்கியாவில் கப்பலை விட்டு இறங்கியதும் ஊருக்குள் நடந்துவிட முடியாது. துறைமுகப் பேருந்து ஏறி லார்கோ தெல்லா பாச்சே என்கிற இடத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து இன்னொரு பேருந்தில் ரயில் நிலையம். அங்கே மூன்று கப்பல் கூட்டமும் ஒரே டிக்கெட் வரிசையில். டிக்கெட் வாங்கினால் முடிந்ததா? காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அப்பா டிக்கெட்டைத் தலைகீழாக நுழைத்து, திருப்பி நுழைத்து, கடைசியில் இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினார். ‘டக்’ என்று விழுந்தது முத்திரை. அன்று முழுவதும் எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்கும்போது மணி 10.20. புனித பேதுரு பேராலயத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையைத் தாண்டி உள்ளே போகும்போது 11.40. நுழைந்ததும் வலப்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கேலாஞ்சலோவின் பியேத்தா சிற்பம். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாய். அம்மா அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சும்மா, வா” என்று முழங்கையைப் பிடித்து இழுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்புறம் 64ஆம் எண் பேருந்து. ஜேப்படிக்குப் பேர்போன தடம். கைப்பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றதில் ஜன்னலில் என்ன போனதென்றே தெரியவில்லை. திரெவி நீரூற்றை முன்னால் நின்றவர்களின் செல்போன் திரைகளில் பார்த்தோம், பதினைந்து திரெவி தெரிந்தது. பீட்சா துண்டை நின்றபடியே விழுங்கினோம். கொலோசியம்? அதற்குப் போனால் ரயிலை விட்டுவிடுவோம். எந்தப் படத்தைக் காட்டி எங்களைக் கப்பலில் ஏற்றினார்களோ அதை மட்டும் பார்க்கவில்லை. இதற்காகத்தான் ஆளுக்கு 90 யூரோ ஷெங்கன் விசா கட்டணம், வங்கிக் கணக்கு விவரம், விரல் ரேகை எல்லாம்.

திரும்பும் ரயில் பலகையில் ‘ரிதார்தோ 25’ என்று விழுந்தது. தாமதம். இத்தாலிய மொழியில் நான் கற்றுக்கொண்ட ஒரே சொல். அந்த இருபத்தைந்து நிமிடமும் அப்பா பேசவில்லை. அம்மா கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்தாள். கப்பல் ஏறும்போது மணி 5.12.

மேல்தளத்துக்குப் போனால், ஒரு கூட்டம் கையில் கோப்பையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறது. தாமதமாக வருகிறவர்கள் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். தினசரி வேடிக்கையாம். தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். அதற்கும் விசில்.

எல்லாத் துறைமுகமும் இப்படி இல்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். முந்தின நாள் நேப்பிள்ஸில் இறங்கிப் பொடிநடையாகவே கோட்டை வாசலுக்குப் போய்விட்டோம். நேப்பிள்ஸ் என்று போட்டிருந்தார்கள், நேப்பிள்ஸ் இருந்தது. ஏன், சிவிதவேக்கியா மேலும் எனக்குக் கோபம் இல்லை. கடலோரமாகவே மைக்கேலாஞ்சலோ பெயரில் ஒரு கோட்டை நிற்கிறது. இரண்டு முறை அதைக் கடந்தோம், இரண்டு முறையும் பேருந்தில், அவசர அவசரமாக. ஊர் பெயரை ஒழுங்காகப் போட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒரு காபி குடித்திருக்கலாம்.

இரவு அறைக்கு வந்தால் கட்டிலில் மறுநாளைய தாள். ‘ஃபுளோரன்ஸ் / பீசா’ என்று கொட்டை எழுத்து. கீழே எறும்பு அளவில் ‘லிவோர்னோ’. அப்பா ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போனில் வரைபடத்தைத் திறந்தார்.

“ஃபுளோரன்ஸுக்கு 90 கிலோமீட்டர்” என்றார்.

அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.