ஓடுகிற லேப்டாப்பை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

2017 வாக்கில் வாங்கிய லேப்டாப் உங்கள் வீட்டில் இருக்கிறதா? ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், திரையில் ஒரு கீறல் இல்லை, கீபோர்டும் நன்றாக இருக்கிறது. இதை இன்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் "இதுல விண்டோஸ் 11 ஏறாது சார், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டு வாங்கிய பொருள், எந்தப் பழுதும் இல்லை, ஆனாலும் செத்துப்போனதாகச் சொல்கிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நடந்தது இதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துகொண்டிருந்த வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. 2015-ல் வந்த சிஸ்டத்தைப் பத்து வருஷம் தாங்கினார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. அடுத்த படியில்தான் குறை. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் நடுவில் மெயில் பார்க்கிறவர், வேர்டில் கடிதம் அடிக்கிறவர் உணரும்படி ஒரு வித்தியாசமும் கிடையாது. கூடுதலாக ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்பார்கள். ரூஃபஸ் என்ற இலவசக் கருவியை வைத்துத் தடையைத் தாண்டி 11-ஐ ஏற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஏறும், ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கடைக்கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, வங்கி வேலை எல்லாம் நடக்கிற கம்ப்யூட்டரில் அந்த நிலை எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, 11 ஏறுகிற கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. புது லேப்டாப்பைத் திறந்ததும் இணையம் கேட்கிறது, கணக்கு கேட்கிறது. அது இல்லாமல் உள்ளே போக இருந்த குறுக்குவழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் பரிந்துரை என்ற பெயரில் விளம்பரம் வருகிறது. அப்புறம் ஒன்டிரைவ், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். செட்டப்பில் நாலைந்து முறை 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தியதில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் அங்கே போய்விடும். இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண போட்டோ நாலு ஆல்பம் இருந்தால் அது நிரம்பிவிடும், பிறகு தினமும் இடம் நிரம்பிவிட்டது, பணம் கட்டுங்கள் என்று அறிவிப்பு. கம்ப்யூட்டரில் 300 ஜிபி காலியாகக் கிடக்கும்போது "என்னப்பா, இடமே இல்லைங்குது" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவர்கள் கேட்காத ஒன்று அவர்கள் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. 2024-ல் ரீகால் என்று ஒன்றை அறிவித்தார்கள், திரையில் நடப்பதைப் படம் பிடித்துச் சேர்த்துவைக்கும் வசதி. எதிர்ப்பு வந்த பிறகுதான் தள்ளிப்போட்டு, நாமே கேட்டால் மட்டும் ஓடும்படி மாற்றினார்கள். இதை முதலில் தானாகவே ஓடும்படி கொண்டுவர நினைத்தார்களே, அந்த நினைப்புதான் எனக்குப் பிரச்சினை.

ஆப்பிள்காரர்கள் சிரிக்க வேண்டாம். இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025-ல் சொல்லிவிட்டது.

என் கருத்து நேரானது. வீட்டு உபயோகத்துக்கு, அதாவது பிரவுசர், யூடியூப், கடிதம், கணக்குத்தாள், நெட்பேங்கிங், ரயில் டிக்கெட், டிஜிலாக்கர், இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போதும், போதும் என்பதைவிட நன்றாகவே இருக்கும். 2024 ஜூலையில் வந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தாலே நன்றாக நகரும், அதற்கும் கீழே என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டால் ஆள் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிடும். கணக்கு தொடங்கச் சொல்லாது, விளம்பரம் காட்டாது. அப்டேட் இருக்கிறது என்று ஓரத்தில் சின்னதாக ஒரு அடையாளம் காட்டும், எப்போது போட வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பாதி வேலையில் ரீஸ்டார்ட் ஆகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மாறலாம் என்பேன்.

இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் பிடிக்கிறதா என்று அதிலேயே பார்த்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர்கள் முதலில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல புது லேப்டாப்களில் கேட்காமலே அது போடப்பட்டிருக்கிறது. மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளாமல் டிஸ்க்கைப் பிரிக்கப் போனால் உங்கள் ஃபைல் உங்களுக்கே திறக்காது.

இனி தடைகளைச் சொல்கிறேன். லினக்ஸ் ஆதரவாளர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் மாறியவர்கள் ஒரே வாரத்தில் திரும்பிப் போகிறார்கள். கடைக்கணக்கு மென்பொருளான டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. வலோரன்ட் போன்ற விளையாட்டுகள் அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் ஓடாது. ஜெராக்ஸ் கடைக்குக் கடை இருக்கிற கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் தனக்கென்று ஒரு தனி மொழி வைத்திருக்கிறது, லினக்ஸில் அதை ஓட வைப்பது பெரும்பாடு. வருமான வரியை இணையத்திலேயே தாக்கல் செய்வதில் சிக்கல் இல்லை, ஆனால் துறை வெளியிடும் எக்செல் படிவம் முழுக்க மேக்ரோக்கள், அதாவது உள்ளே எழுதிவைத்த கட்டளைகள், எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான இலவச லிப்ரெஆபிஸில் அதை நம்பி உட்கார முடியாது. 2010-லேயே மத்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரநிலைக் கொள்கை (ஒரே நிறுவனத்தைச் சாராத ஃபைல் வடிவங்கள்) கொண்டுவந்தது, 2015-ல் திறமூல மென்பொருள் கொள்கையும் வந்தது. இரண்டு கொள்கைகள் இருந்தும் ஒரு குடிமகன் அந்த எக்செல் படிவத்தைத் திறக்க ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் வேண்டியிருக்கிறது.

ஆனால் தமிழர்களாகிய நம்மை விண்டோஸோடு கட்டிப்போட்டிருக்கும் முக்கியமான கயிறு வேறு. அது நம் பழைய ஃபான்ட்டுகள். எந்த ஊர் டி.டி.பி. சென்டருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கும். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதற்குப் பிறகு புதுப் பதிப்பே கிடையாது, அடோபி அதைக் கைவிட்டு எத்தனையோ வருஷமாகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் அதற்குத் தெரியாது. அதனால் வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ என்று ஆளுக்கொரு குறியீட்டில் அடிக்கிறார்கள். இந்த ஃபான்ட்டுகள் செய்வது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைப்பது. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, போனில் படிக்க முடியாது. அலுவலகங்களிலும் இதே கதைதான். 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் எத்தனை சுற்றறிக்கைகள் வானவில்லில் வந்தன என்பது அந்த மேசைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இலங்கையில் பாமினி என்ற பழைய ஃபான்ட் வைத்து அடித்த தலைமுறைக்கும் இதே சிக்கல்.

இதைத் தீர்க்காமல் டி.டி.பி. வைத்திருக்கும் அண்ணனிடம் போய் லினக்ஸ் போடுங்கள் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. அவருக்கு இருபது வருஷ ஃபைல்கள் அதில் இருக்கின்றன, வாடிக்கையாளர் அடுத்த தை மாதம் வந்து "போன வருஷ நோட்டீஸ்ல தேதி மட்டும் மாத்திக் குடுங்க" என்பார். ஆனால் புது வேலைகளையாவது யூனிகோடில் தொடங்கலாம். ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது, தமிழ் எழுத்துகளைச் சேர்த்துச் சரியாக அமைக்கிறது, கொம்பு தனியாக ஓடுவதில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலும் தமிழ் சரியாகவே வருகிறது. பழைய ஃபைல்களின் எழுத்தை மட்டும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுப் பக்க வடிவமும் அப்படியே வராது, உண்மைதான், எழுத்தாவது பிழைக்கும்.

தட்டச்சுக்கு லினக்ஸில் குறை இல்லை. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் என்ற துணைத் தொகுப்பையும் சேர்த்துப் போட்டால் தமிழ்99 கீபோர்டு முறை, தமிழ் ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் நேராக இருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் அகரம், மெய் தானாகச் சேர்கிற வசதிகள் முழுதாக வேலை செய்யாது. ஐபஸ் வழியாகவே போங்கள்.

போன் பற்றி இரண்டு வரி. லினேஜ் ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்டு வகையைப் போட்டால் பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு வரும், பூட்டுத்திரை விளம்பரமும் தொலையும். ஆனால் அதற்கு போனின் பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டைத் திறக்க வேண்டும், அப்படித் திறந்த போனில் பல வங்கி ஆப்கள், யுபிஐ ஆப்கள் திறக்க மறுக்கின்றன. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கவும் போன் வேண்டியிருக்கும் ஊரில் உங்கள் ஒரே போனில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு போன் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

"அரசாங்கமே லினக்ஸுக்கு மாறிட்டுத் திரும்பி வந்துட்டாங்களே" என்று மியூனிக் நகரத்தைக் காட்டுவார்கள். உண்மை, 2013-ல் மாற்றி முடித்து, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப மன்றத்தில் வாக்களித்தார்கள். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் சுமார் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை முதலில் லிப்ரெஆபிஸுக்கும் பிறகு லினக்ஸுக்கும் மாற்ற முடிவெடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம், பாலக்காட்டைத் தாண்டினால் போதும். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள். படம் திருத்தும் ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் அவர்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் போனார்கள், அதனால் நிலைத்தது.

நம்மிடம் தொடக்கம் இல்லாமல் இல்லை. 2006, 2007 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள், அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு, டெபியன் என்ற லினக்ஸிலிருந்து உருவாக்கியது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? பள்ளியில் ஒரு பாடமும் அதில் நடக்கவில்லை, ஆசிரியருக்கும் அது புதிது, கேட்க ஆளில்லை. வாங்கிய வாரத்திலேயே பக்கத்து மொபைல் கடையில் கொடுத்து அழித்துவிட்டு, கிராக் செய்த விண்டோஸ் ஏற்றிக்கொண்டவர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் கணினி தருவதாக அறிவித்தார்கள். அந்தக் கல்லூரிகளில் ஆய்வக வகுப்பு ஒன்றையாவது, வேர்டு எக்செல் என்று இல்லாமல், லினக்ஸிலும் லிப்ரெஆபிஸிலும் நடத்துங்கள், வகுப்பு எடுக்கிறவருக்கு முதலில் ஒரு மாதப் பயிற்சி கொடுங்கள், அசைன்மென்ட்டை யூனிகோடு தமிழில் ஓடிஎஃப் என்ற திறந்த ஃபைல் வடிவத்தில் வாங்குங்கள். அதற்குத் தனியாகக் கோடி கோடியாகப் பணம் வேண்டாம், பாடத்திட்டக் குழு ஒன்று உட்கார்ந்து முடிவெடுத்தால் போதும்.