மலை ஏறுவதற்காகச் சோற்றை நிறுத்தாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி ஏற்றத்தில் எங்கள் சைக்கிள் குழுவின் இளைய தம்பி ஒருவன் பாதி வழியில் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். கறுப்புக் காபி மட்டும். முந்தின நாள் ராத்திரி வெள்ளரிக்காயும் இரண்டு முட்டை வெள்ளையும். "வெயிட் குறைச்சாதானேண்ணா மலை ஏற முடியும்?" என்கிறான். அவன் எடையே 58 கிலோதான். இரண்டு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்து, அரை மணி நேரம் உட்காரவைத்துத்தான் கீழே கூட்டிவந்தோம்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

அவன் நம்புகிற கணக்கில் தப்பில்லை. சமதளத்தில் நம் பலத்தில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடுவதால் காற்று பின்னுக்குப் போய், புவியீர்ப்பு முன்னுக்கு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறக்குறைய 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். உடம்பு, சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து அவ்வளவு உயரத்துக்கும் போக வேண்டும். அதனால்தான் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் பலம் என்று எல்லோரும் பார்க்கிறோம்.

ஆனால் அது வாட்டை எடையால் வகுக்கும் கணக்கு. கீழே இருக்கும் எண்ணைக் குறைக்கும்போது மேலே இருக்கும் எண் அப்படியே நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

என் எண்களையே சொல்கிறேன். அப்போது 74 கிலோ. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பலம், அதாவது எஃப்டிபி, 230 வாட். கிலோவுக்கு 3.1. கோத்தகிரிக்கு 2 மணி 4 நிமிடம். சோற்றை நிறுத்தினேன், இரவுச் சாப்பாட்டை விட்டேன். முதல் வாரத்திலேயே 2 கிலோ போனதில் தலைகால் புரியவில்லை. அது கொழுப்பே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தசையில் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மலை ஏறுவதற்கான எரிபொருளைக் கொட்டிவிட்டு, எடை குறைந்துவிட்டது என்று கொண்டாடியிருக்கிறேன்.

மூன்றே மாதத்தில் 67 கிலோ. பார்த்தவர்களெல்லாம் "சூப்பரா இளைச்சுட்டீங்க" என்றார்கள். சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் ட்ரெய்னர் கருவியில் சோதித்தால் 195 வாட். கிலோவுக்கு 2.9. ஏழு கிலோ குறைத்தும் இருந்த நிலையைவிடக் கீழே இறங்கியிருந்தேன். அந்த மாதம் கோத்தகிரிக்கு 2 மணி 19 நிமிடம் ஆனது. தூக்கம் கெட்டது. சளி பிடித்தால் வாரக்கணக்கில் விடவில்லை. வீட்டில் எரிந்து விழுந்தேன்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத விளையாட்டு வீரர்களின் உடல் எப்படியெல்லாம் முடங்குகிறது என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ரெட்-எஸ் என்ற பெயரில் விவரித்தது. எலும்பு பலவீனமாகும், ஹார்மோன்கள் குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும். மாதவிடாய் நின்றதை "நல்லா ட்ரெய்னிங் பண்றேன்" என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளும் தோழிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

2025இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பாலின் ஃபெரான்-பிரேவோ, அந்தப் பந்தயத்துக்காக எடையைக் குறைத்ததைப் பற்றிப் பேசும்போது, அது முழுக்க ஆரோக்கியமானதல்ல என்று தானே ஒப்புக்கொண்டார். அவரைச் சுற்றி டாக்டர், உணவு நிபுணர் என்று ஒரு கூட்டமே உண்டு. நம் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்? யூடியூப்தான்.

இன்னொரு பக்கம் மிகுவேல் இந்துராயினைப் பாருங்கள். 1.88 மீட்டர் உயரம், எடை 80 கிலோ அளவுக்கு. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸை வென்றார். அவர் பலம் அவர் எடையைத் தூக்கிப்போனது.

எனக்குப் பலன் தந்தது மெதுவான வழி. சோறு, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் திரும்ப வந்தன. வாரத்தில் இரண்டு நாள், எஃப்டிபிக்குச் சற்றுக் கீழே 20 நிமிட மிதிப்பு இரண்டு முறை. மீதி நாட்கள் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். ஏற்றத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகும்படி பார்த்துக்கொண்டேன். எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் குறைத்ததில் எடை தானாக 70க்கு வந்து நின்றது. ஒன்றரை வருடம் கழித்து 245 வாட், கிலோவுக்கு 3.5. கோத்தகிரிக்கு 1 மணி 54 நிமிடம்.

என் கணக்கில் அந்த ஏற்றத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சம். 20 வாட் கூடினால் எட்டு நிமிடத்துக்கு மேல். நிஜமாகவே கூடுதல் கொழுப்பு இருப்பவர்கள் குறைக்கட்டும், வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்டாமல், கடுமையான பயிற்சி இல்லாத மாதங்களில். 58 கிலோ பையன் எதைக் குறைப்பான்?

அப்புறம், குழுவில் ஒருவர் படம் போட்டால் "இன்னும் அஞ்சு கிலோ குறைச்சா பறக்கலாம்" என்று எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுவோம். அதைப் படிக்கிற எல்லோருக்கும் உங்கள் வயதும் பக்குவமும் இருக்காது.

அந்தத் தம்பியின் சைக்கிளைப் பிறகு பார்த்தேன். பின்சக்கரக் கேசட்டில், அதாவது பல்சக்கரக் கொத்தில், பெரிய பல்சக்கரமே 25 பல்தான். அதைவைத்து அந்த ஏற்றத்தில் யார் மிதித்தாலும் முட்டி கழன்றுவிடும். 34 பல் கேசட் போட்டால் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிவிடும் பின் டிரெய்லியரையும் மாற்ற வேண்டிவருமா என்று இந்த வாரம் கடையில் கேட்கப் போகிறோம்.