முதியோர் இல்லத்தை ராத்திரியில போய்ப் பாருங்க

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். தரை துடைத்த பினாயில் வாசம் வரும். பெரியவர்கள் குளித்து, விபூதியோ பவுடரோ பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார். பார்த்துவிட்டு வந்து "நல்ல இடம்தான், சுத்தமா இருக்கு" என்று அட்வான்ஸ் கட்டிவிடுகிறோம்.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான். இல்லத்தின் லட்சணம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் தெரியும். அந்த நேரத்தில் போய்ப் பார்க்காமல் யாரும் பணம் கட்டாதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். தண்டையார்பேட்டையிலிருந்து மாதவரம் வரை தெரிந்தவர்கள் யாராவது "அக்கா, அம்மாவுக்கு ஒரு ஹோம் பார்க்கணும், கொஞ்சம் கூட வரீங்களா" என்று கூப்பிட்டால் போய் வருவேன். நம் பக்கத்தில் நான் பார்த்தவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த மாடி வீடுகள். லிஃப்ட் கிடையாது. குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் அறைக்கு நாலு கட்டில் போட்டிருப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், வசதிக்கு ஏற்ற வாடகை. ஆனால் அந்த வீட்டின் கிரில் கேட்டைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

ராத்திரி அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? ஒரு இடத்தில் கேட்டபோது "வார்டன் வீட்டுல இருக்கும் மேடம், பக்கத்துத் தெருதான்" என்றார்கள். உள்ளே படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஞாபகமறதி வந்தவர்கள், ஒரு ஆயா. வெளியே பூட்டு. போக வர ஒரே படிக்கட்டு, அதன் அடியில் ஈபி பாக்ஸ், இன்வெர்ட்டர் பேட்டரி, ரெண்டு ஸ்பேர் கேஸ் சிலிண்டர், ஒரு ஸ்கூட்டி. ஏதாவது ஒன்று பற்றிக்கொண்டால் இறங்க வழியில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்துவிட்டது. சாவி பக்கத்துத் தெருவில் இருந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு நிலைமை அதேதான்.

வடசென்னைக்காரர்களுக்குத் தீ மட்டும் கவலையில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். கால் நன்றாக இருந்தவர்கள் ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளம், கரண்ட் இல்லாத நாட்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமலிருக்கப் போடும் ஏர் பெட் கரண்டில் ஓடுவது, மோட்டார் நின்றால் காற்று இறங்கிவிடும். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் பெரியவர்களை மாடிக்குத் தூக்கப் போவது யார், எத்தனை பேர் என்று வியாசர்பாடியிலோ மணலிப் பக்கமோ இல்லம் நடத்துகிறவரிடம் கேளுங்கள். பதில் தயாராக வைத்திருப்பவரிடம் எனக்கு மரியாதை உண்டு. "அதெல்லாம் சாமி பார்த்துக்கும்" என்கிறவரிடம் அம்மாவை விடாதீர்கள்.

அடுத்தது ஆள். "நைட்ல ரெண்டு பேர் இருக்காங்க" என்பதோடு விட்டுவிடக் கூடாது. எங்கே படுப்பார்கள் என்று பாயைக் காட்டச் சொல்லுங்கள். கீழே சமையல்கட்டில் பாய், மேல்மாடியில் பெரியவர்கள் என்றால் அந்த ரெண்டு பேரும் கணக்கில் சேர மாட்டார்கள். கட்டிலருகே காலிங் பெல் இருக்கிறதா, படுத்தபடியே கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். நீங்களே ஒரு தடவை அழுத்துங்கள், யாராவது வருகிறார்களா பார்ப்போம். ஆயா தூங்குவதை நான் குற்றம் சொல்லவில்லை. பகலில் குளிப்பாட்டி, துணி அலசி, டயப்பர் மாற்றிய அதே அம்மாவை ராத்திரி ட்யூட்டிக்கும் போட்டால் அவர் தூங்காமல் என்ன செய்வார்? கேள்வி கேட்க வேண்டியது ஷிஃப்ட் போடுகிற முதலாளியை.

ராத்திரிக்கு ஆள் குறைவு என்பதால் சாயங்காலமே சில வேலைகள் நடக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அனுபவம் வேண்டும். ஐந்து மணிக்கு மேல் தண்ணீரைக் குறைப்பார்கள், ராத்திரி டயப்பர் மாற்ற வேண்டாமே. ஆறு மணிக்கு ரெண்டு இட்லியோடு சாப்பாட்டுக் கடை முடிந்துவிடும், அடுத்த வேளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. பதினைந்து மணி நேரம் பட்டினி. அமெரிக்க நர்சிங் ஹோம் விதியில் இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவில் பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சுகருக்கு இன்சுலின் போடுகிறவருக்கு விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்கினால் உடம்பு வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். யாராவது முழித்திருந்தால்தானே தெரியும்? தண்ணீர் குறைந்தால் யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும். வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் திடீரென்று குழப்பம், உளறல், கத்தல் என்று அது வெளிப்படலாம். உடனே "பாட்டி ராத்திரி தூங்க விட மாட்டேங்குது" என்று மாத்திரை. அம்மாவின் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குவெட்டியாபின் மாதிரி மனநோய் மருந்து புதிதாகச் சேர்ந்திருந்தால் எந்த டாக்டர், எதற்காக எழுதினார் என்று கேளுங்கள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. தேவைப்படும் நோயாளிகள் உண்டு. ஆயாவின் தூக்கத்துக்காகக் கொடுப்பதுதான் கூடாது.

படுக்கைப் புண்ணும் ராத்திரிக் கதைதான். தானாகப் புரள முடியாதவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதுதான் நாங்கள் வார்டில் பழகிய கணக்கு. ஒரு இல்லத்தில் அதற்குச் சார்ட் எல்லாம் போட்டு, கிளிப் அட்டையில் அழகாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ராத்திரி 12, 2, 4 எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கீழே பார்த்தால் மறுநாள் தேதிக்கும் கையெழுத்து விழுந்திருந்தது! நான் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாத்தாவின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. புண் இன்னும் உடையவில்லை, அவ்வளவுதான். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, இந்த மூன்றையும் பார்க்க விடாத இடத்தில் பேச்சே வேண்டாம்.

சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழ் இதில் எதையும் சொல்லாது. பதிவு அவசியம், இல்லாத இடத்துக்குப் போகவே போகாதீர்கள். 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 19வது பிரிவு மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேருக்கு, ஆதரவற்ற முதியோருக்காக அரசு அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. தனியார் இல்லத்தில் ராத்திரி என்ன நடக்கிறது என்பதைக் குடும்பம் எங்கே போய்ப் படிக்கும்? இங்கிலாந்தில் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஆய்வு அறிக்கை எழுதி, நாலில் ஒரு தரம் கொடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமலும் போய் ஆய்வு செய்கிறார்கள். நம் சமூக நலத் துறையும் ஆய்வு அறிக்கையை இணையத்தில் போடட்டும், ராத்திரி ஆய்வு என்று ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பெரிய செலவில்லை.

இதையெல்லாம் சொன்னால் "அம்மாவை ஹோம்ல விடுறதே பாவம், இதுல தரம் வேறயா" என்று கமெண்ட் வரும், எனக்குத் தெரியும். ராயபுரத்தில், இன்றைக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கும் இடத்துப் பக்கத்தில், 1782லேயே பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு மணியக்காரர் சத்திரம் இருந்தது. அங்கே கஞ்சி ஊற்றியதால்தான் ஸ்டான்லிக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பேர். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் நம் ஊரில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பாவம், பாவம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளைகள் குனிந்த தலையோடு போய் விட்டுவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பி வருகிறார்கள். மேனேஜரும் "நாங்க சேவையா பண்றோம்மா" என்பார். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு ரசீது தருகிறவரிடம் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அடி, மிரட்டல், கட்டிப் போடுதல் என்று எதையாவது பார்த்தால் 14567 முதியோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

"எந்த ஹோம் நல்லது, பேர் சொல்லுங்க" என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். நைட் ஆயா ஒருத்தர் வேலையை விட்டால் அடுத்த மாதம் அதே இடம் வேறு மாதிரி ஆகிவிடும். கூட வரணும் என்றால் மட்டும் கேளுங்கள், சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம். திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விடுவது உங்கள் பொறுப்பு.